ஸ்டென்ட்டா, பைபாஸா? சிறுநீரகத்தையும் கேளுங்கள்

ஆஞ்சியோகிராம் அறையின் கதவு பாதி திறக்கிறது. பச்சை உடை அணிந்த உதவியாளர் நோயாளியின் உறவினர்களை உள்ளே அழைக்கிறார். திரையில் கறுப்பு வெள்ளையில் துடிக்கும் இதயம். “இங்கே 90 சதவீதம், இங்கே 80 சதவீதம் அடைப்பு. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா, இல்லை பைபாஸுக்கு ஏற்பாடு செய்கிறீர்களா?” மனைவிக்கும் மகனுக்கும் யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். நோயாளியோ கையில் செருகிய குழாயோடு மேஜையில் காத்திருக்கிறார். தில்லியிலும் மும்பையிலும் மட்டுமல்ல, மாவட்டத் தலைநகரங்களிலும் இன்று தினசரி நடக்கும் காட்சி இது.

சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கே இது கஷ்டமான முடிவு. சிறுநீரகம் பழுதானவருக்கோ அது இதயத்தோடு நின்றுவிடுவதில்லை. மிச்சமுள்ள ஆயுள் டயாலிஸிஸ் இயந்திரத்தோடு கழியுமா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு எது நல்லது, ஸ்டென்ட்டா பைபாஸா? மருத்துவ ஆய்வுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிடைக்கும் பதில் சற்று விசித்திரமானது: முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அது அல்ல.

இரண்டு உறுப்புகள், ஒரே நோய்

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் டயாலிஸிஸ் கட்டத்தை எட்டுபவர்களைவிட, அதற்கு முன்பே இறந்துபோகிறவர்கள் அதிகம். அந்த மரணங்களில் முதலிடம் இதய நோய்க்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லி லிட்டருக்குக் கீழே இறங்க இறங்க மரண அபாயம் படிப்படியாக ஏறியது. 30க்கும் 44க்கும் இடையே இருந்தவர்களுக்கு அது 1.8 மடங்கு, 15க்குக் கீழே போனவர்களுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு.

காரணம் புரியாததல்ல. இரண்டு உறுப்புகளையும் கெடுப்பவை ஒரே எதிரிகள்: சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. இவர்களில் எத்தனையோ பேருக்கு இதயமும் சிறுநீரகமும் சேர்ந்தே தேய்ந்துகொண்டிருக்கின்றன.

அதோடு, சிறுநீரகம் கெட்டால் உடலில் கால்சியம், பாஸ்பரஸ் கணக்கு குலைகிறது. ரத்தக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்பு படிகிறது. பழைய தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து இறுகுவது போல இதயத் தமனிகள் இறுகுகின்றன. மற்றவர்களுக்கு முதுமையில் வருவது இவர்களுக்கு நடுவயதிலேயே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு நோய் தன்னை மறைத்துக்கொள்ளவும் செய்கிறது. நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்கும், களைப்பு தட்டும். ‘ரத்த சோகையாக இருக்கும், உடம்பில் நீர் கோத்திருக்கும்’ என்று நாட்கள் ஓடிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனைகூட இவர்களில் பலருக்கு எப்போதும் சற்று உயர்ந்தே இருப்பதால், ஒரு முறை பார்த்த எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது.

இன்னொரு பொறி கிரியேட்டினின். “1.4தான் இருக்கிறது, லேசாகக் கூடுதல்” என்று ஆறுதல் சொல்லப்படுவது வழக்கம். ஆனால் அதே 1.4, 30 வயது ஆணுக்கு வடிகட்டும் திறன் சுமார் 69 என்பதைக் குறிக்கும். 65 வயதுப் பெண்மணிக்கு சுமார் 42தான். அதாவது முதலாமவருக்குக் கவலை குறைவு, இரண்டாமவருக்கு நோய் பாதி வழியைக் கடந்துவிட்டது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ எண்ணைப் பல பரிசோதனைக் கூடங்கள் இப்போது அறிக்கையிலேயே அச்சிடுகின்றன. இல்லாவிட்டால் மருத்துவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆஞ்சியோகிராமுக்கு முன்பு நோயாளி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இது.

ரொக்கமும் தவணையும்

பைபாஸ் அறுவையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபாவலோரோ. 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அதைச் செய்தார். இந்தியாவில் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் முதல் பைபாஸைச் செய்தார். 1977இல் ஸூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் பலூன் மூலம் அடைப்பைத் திறந்து காட்டினார். 1986இல் ஸ்டென்ட் எனும் உலோகச் சுருள் வந்தது. 2000களின் தொடக்கத்தில் மருந்து தடவிய ஸ்டென்ட்கள் வந்தன. அன்றிலிருந்து இரண்டில் எது மேல் என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை.

ஸ்டென்ட் என்பது சாலையில் விழுந்த ஒரு பள்ளத்தைச் சரிசெய்வது போல. பைபாஸ், பெயருக்கேற்ப, புறவழிச்சாலை. ஸ்டென்ட் வைத்த இடத்துக்கு முன்னேயோ பின்னேயோ நாளை புதிய அடைப்பு வந்தால் மறுபடி சிக்கல்தான். பைபாஸில் வைக்கும் புதிய குழாய் நோயுற்ற பகுதி முழுவதையும் தாண்டிப் போய் இணைவதால், பழைய பாதையில் புதிதாக வரும் அடைப்புகள் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மார்புச் சுவரின் உட்புறத் தமனியை எடுத்து இணைத்தால் அது பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். பல இடங்களில் நோய் பரவியிருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு இது பெரிய அனுகூலம். 2012இல் வெளியான ‘ஃப்ரீடம்’ ஆய்வு 1,900 சர்க்கரை நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆளானவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 26.6 சதவீதம், பைபாஸ் பிரிவில் 18.7 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸ் பிரிவில் அதிகம்: 2.4க்கு எதிராக 5.2 சதவீதம்.

அப்படியானால் சிறுநீரக நோயாளிகளுக்கும் பைபாஸ்தானே? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதயச் சிகிச்சையின் பெரிய ஆய்வுகள் பலவற்றில், கிரியேட்டினின் குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். அவர்களைச் சேர்த்தால் சிக்கல்கள் கூடும், முடிவு குழம்பும் என்ற பயம். விளைவு, யாருக்கு அபாயம் அதிகமோ அவர்களைப் பற்றித்தான் ஆதாரம் குறைவு. சிறுநீரகம் கடுமையாகக் கெட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஸ்டென்ட் பாதி, பைபாஸ் பாதி என்று பிரித்து நடத்திய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. சிகிச்சை முடிந்தவர்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பதிவேடுகள் சொல்லும் கதை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. அமெரிக்க டயாலிஸிஸ் நோயாளிகள் 15,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2002இல் வந்த ஆய்வில், மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 8.6 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 4.1 சதவீதம். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 56.4 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 48.4 சதவீதம். 2015இல், புதிய தலைமுறை மருந்து ஸ்டென்ட்களை வைத்து நியூயார்க் மாநிலப் பதிவேட்டில் பார்த்தபோதும் போக்கு மாறவில்லை. தொடக்கத்தில் மரணமும் பக்கவாதமும் பைபாஸில் அதிகம். காலம் போகப் போக மறுசிகிச்சைத் தேவை ஸ்டென்ட்டில் அதிகம். நீண்ட கால மரணக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. டயாலிஸிஸில் இருந்தவர்களிடம் மட்டும் தராசு பைபாஸ் பக்கம் சாய்ந்தது.

சுருக்கமாகச் சொன்னால், பைபாஸ் முழு ரொக்கத்தையும் முன்கூட்டியே கேட்கிறது. ஸ்டென்ட் தவணை முறையில் வசூலிக்கிறது. முன்பணம் கட்டித் தேறியவர் அதன் பலனை அனுபவிக்க இன்னும் சில ஆண்டுகள் வாழ வேண்டும். 52 வயதில், உடல் வலுவோடு, சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கு அந்த வியாபாரம் கட்டுப்படியாகலாம். 78 வயதில், நடக்கவே தடுமாறும் ஒருவருக்கு அது நஷ்டக் கணக்காகவே முடியலாம்.

இந்த எண்களையும் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அறுவை நிபுணர் தேறக்கூடியவர்களைத்தான் மேஜையில் ஏற்றுவார். பலவீனமானவர்கள் ஸ்டென்ட் பக்கம் தள்ளப்படுவார்கள். பைபாஸின் நீண்ட கால வெற்றியில் அறுவையின் பங்கு எவ்வளவு, தேர்வின் பங்கு எவ்வளவு என்று பதிவேட்டை வைத்து முழுவதாகப் பிரிக்க முடியாது.

இரண்டும் வேண்டாமென்றால்?

2020இல் வெளியான ‘இஸ்கீமியா-சி.கே.டி.’ ஆய்வு விவாதத்தை வேறு திசைக்குத் திருப்பியது. இந்தியா உட்பட 30 நாடுகளில், 777 நோயாளிகள். எல்லோருக்கும் வடிகட்டும் திறன் 30க்குக் கீழே. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே டயாலிஸிஸில் இருந்தவர்கள். எல்லோருக்கும் இதயத்துக்கு ரத்த ஓட்டம் கணிசமாகக் குறைந்திருந்தது, ஆனால் நிலைமை அவசரமில்லை. ஒரு பாதிக்கு மருந்துகளோடு ஆஞ்சியோகிராம், தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறு பாதிக்கு மருந்து மட்டும்; அது போதாமல் போனால்தான் ஆஞ்சியோகிராம்.

மூன்று ஆண்டுகளில் மரணமோ மாரடைப்போ சம்பவித்தவர்கள் முதல் பிரிவில் 36.4 சதவீதம், இரண்டாவது பிரிவில் 36.7 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே பொருள். முதல் பிரிவில் பக்கவாதம் வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான் என்றாலும், மறு பிரிவைவிட மூன்றரை மடங்குக்கு மேல். மரணம் அல்லது புதிதாக டயாலிஸிஸ் என்ற நிலையும் அங்கேதான் அதிகம். நெஞ்சுவலி குறைவதிலும் வாழ்க்கைத் தரத்திலும்கூட முதல் பிரிவுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான லாபம் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டு, ‘அப்படியானால் இதய மருத்துவரிடமே போக வேண்டாம்’ என்று முடிவு செய்வது ஆபத்து. புதிதாக மாரடைப்பு வந்தவர்கள், மருந்துக்கு அடங்காத நெஞ்சுவலி உள்ளவர்கள், இதயத்தின் இறைக்கும் திறன் 35 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள் ஆகியோர் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. முழு அடைப்பால் மாரடைப்பு வந்து துடிப்பவருக்கு கிரியேட்டினின் அறிக்கைக்காகக் காத்திருப்பது தவறு. ஒவ்வொரு நிமிடத் தாமதத்திலும் இதயத் தசை சாகிறது. இதயம் நின்றால் சிறுநீரகம் யாருக்கு வேண்டும்? சிறுநீரகத்தை நினைத்துப் பயந்து, தேவையான நேரத்தில்கூட ஆஞ்சியோகிராம் செய்யாமல் விடுவது பல நாடுகளிலும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ள குறை.

ஆக, முதல் கேள்வி ‘ஸ்டென்ட்டா, பைபாஸா?’ அல்ல. ‘இது அவசரமா, அவகாசம் உள்ளதா?’ என்பதுதான். அவசரம் என்றால் தயங்கக் கூடாது. அவசரம் இல்லையென்றால் அவசரப்படவும் கூடாது.

சாயத்தின் விலை

அவகாசம் இருக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ள மருத்துவக் காரணமும் உண்டு. ஆஞ்சியோகிராமில் ரத்தக் குழாய்களைப் படமெடுக்க அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்துகிறார்கள். ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். தேய்ந்துபோன சிறுநீரகம் திணறலாம். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் சரியாகிவிடுகிறது, சிலருக்கு ஆவதில்லை. பைபாஸ் செய்துகொள்பவர் சாயத்திலிருந்து தப்பிவிடுவார் என்பதும் தவறான எண்ணம். பைபாஸுக்கும் முன்னோடி ஆஞ்சியோகிராம்தான்.

சாயம் எவ்வளவு செலுத்தப்படுகிறது என்பது முக்கியம். படமெடுக்க மட்டும் என்றால் அளவு குறைவு. அதே மேஜையில் இரண்டு மூன்று ஸ்டென்ட்கள் வைத்தால் அளவு ஏறிவிடும். அதனால்தான் அவசரமில்லாத சிறுநீரக நோயாளிக்கு, முதலில் படம் மட்டும் எடுத்து, சிறுநீரகம் தாங்கியதா என்று பார்த்து, பிறகு தேவைப்பட்டால் இன்னொரு நாளில் ஸ்டென்ட் வைப்பது விவேகம். சாயத்தின் பாதிப்பு உடனே தெரியாது. இரண்டு மூன்று நாட்கள் கழித்துத்தான் கிரியேட்டினினில் தென்படும். மறுநாளே வீடு திரும்புகிறவர் மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

தடுப்பு முறைகளில் நிலைத்து நிற்பது எளியது ஒன்றுதான்: இதயம் தாங்கும் அளவுக்கு, முன்பும் பின்பும் நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றுவது. அசிடைல்சிஸ்டீன் மாத்திரையும் சோடியம் பைகார்பனேட்டும் நீண்ட காலம் நம்பிக்கையோடு கொடுக்கப்பட்டு வந்தன. ஏறக்குறைய 5,000 பேரிடம் சோதித்து 2018இல் வெளியான ‘பிரிசர்வ்’ ஆய்வு, சாதாரண உப்பு நீரைவிட இவற்றால் கூடுதல் பயன் இல்லை என்று காட்டியது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்துவதால் கிடைக்கும் பாதுகாப்பு இதைவிடப் பெரிது.

தொழில்நுட்பமும் சற்றுக் கை கொடுக்கிறது. ரத்தக் குழாய்க்குள் நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, அதன் துணையோடு மிகக் குறைந்த சாயத்தில் ஸ்டென்ட் வைக்கும் மருத்துவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள். சுண்ணாம்பு இறுகிய குழாயில் ஸ்டென்ட் சரியாக விரியாது. அதற்காக வைரத்துகள் பதித்த முனையால் கடைந்து வழி உண்டாக்கும் முறை உண்டு. சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதிர்வலைத் தத்துவத்தையே இதயத் தமனிக்குள் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை நொறுக்கும் பலூனும் வந்திருக்கிறது. எல்லாமே செலவைக் கூட்டுபவை. ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தக் கசிவு அபாயம் ஏற்கெனவே அதிகம் என்பதால் அந்தக் கால அளவை ஆளுக்கு ஏற்றபடி முடிவு செய்கிறார்கள்.

பைபாஸ் பக்கமும் முன்னேற்றம் உண்டு. இதயத்தை நிறுத்தாமல், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையில்லாமல் செய்யும் ‘துடிக்கும் இதய’ அறுவையில் இந்திய அறுவை நிபுணர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. சிறுநீரகத்துக்கு அது நல்லதா? ‘கரோனரி’ என்ற பன்னாட்டு ஆய்வின் சிறுநீரகப் பகுதி 2014இல் வெளியானது. அறுவை முடிந்த கையோடு வரும் சிறுநீரகப் பாதிப்பு, இயந்திரத்தைப் பயன்படுத்தியவர்களில் 20.8 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 17.5 சதவீதம். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் சிறுநீரகம் ஒரே மாதிரிதான் இயங்கியது. உடனடி லாபம் உண்டு, நிரந்தர லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை.

கையைக் காப்பாற்றுங்கள்

ஆஞ்சியோகிராமுக்கு இப்போது பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரத்தக் கசிவு குறைவு, நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கலாம். மற்றவர்களுக்கு இது வரப்பிரசாதம். டயாலிஸிஸை நெருங்கிக்கொண்டிருப்பவருக்கு அப்படியல்ல. டயாலிஸிஸுக்குத் தேவையான ‘ஃபிஸ்டுலா’ எனப்படும் இணைப்பை அதே கைத் தமனியில்தான் அமைப்பார்கள். குழாய் செருகிய தமனி சுருங்கியோ அடைத்தோ போனால் அந்தக் கை நாளை உதவாது. பைபாஸுக்காகக் கைத் தமனியை எடுத்தாலும் இதே கதிதான். எந்தக் கை, அல்லது தொடையா என்பதைச் சிறுநீரக நிபுணரைக் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அந்தக் கையில் ரத்தம் எடுப்பதையும் ஊசி குத்துவதையும்கூடத் தவிர்ப்பது நல்லது. நினைவூட்ட வேண்டிய பொறுப்பு, துரதிர்ஷ்டவசமாக, நோயாளியின் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

கட்டணச் சீட்டில் வராத செலவு

பிப்ரவரி 2017இல் மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த மருந்து ஸ்டென்ட்களுக்கு அன்று நிர்ணயித்த விலை ரூ. 29,600. அதன் பிறகும் வரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு உண்டு. 2016-17 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிஸிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இயந்திரங்களைக் கொண்டுவந்தது.

ஆனால் டயாலிஸிஸின் உண்மையான செலவு கட்டணச் சீட்டில் அடங்காது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் என்பது வழக்கமான அளவு. இந்தியாவில் பலர் பணத்துக்கும் தூரத்துக்கும் பயந்து இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் இழந்த கூலி, கைவிட்ட வேலை இவையெல்லாம் எந்தக் காப்பீட்டிலும் வராதவை. ஆகவே ‘ஸ்டென்ட்டுக்கு எவ்வளவு, பைபாஸுக்கு எவ்வளவு’ என்று மட்டும் விசாரிக்கும் குடும்பம் பாதிக் கணக்கைத்தான் போடுகிறது. ‘இதனால் சிறுநீரகம் எத்தனை ஆண்டு முன்னதாகக் கைவிடலாம்?’ என்பது மறு பாதி. இன்னும் ஓரிரு ஆண்டு டயாலிஸிஸைத் தள்ளிப்போட முடிந்தாலே அது பெரிய சேமிப்பு.

தள்ளிப்போட மருந்துகளும் இன்று இருக்கின்றன. கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் சிறுநீரக நோயாளிகளில் பெரிய ரத்தநாளப் பாதிப்புகளை 17 சதவீதம் குறைப்பதாக 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘ஷார்ப்’ ஆய்வு 2011இல் காட்டியது. டயாலிஸிஸ் தொடங்கிய பிறகு இம்மருந்துகளைப் புதிதாக ஆரம்பித்தால் அவ்வளவு பயன் இல்லை என்பதையும் வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. காலத்தே செய்ய வேண்டிய காரியம் இது. சர்க்கரை நோய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்ட டாபாகிளிஃப்ளோசின், சிறுநீரகம் மோசமாகச் சரிவது, டயாலிஸிஸ் நிலையை எட்டுவது, சிறுநீரக அல்லது இதயக் கோளாறால் இறப்பது ஆகிய மூன்றையும் சேர்த்த அபாயத்தை 39 சதவீதம் குறைப்பதாக 2020இல் தெரியவந்தது. இந்தியாவில் அதன் காப்புரிமை காலாவதியாகிப் பல நிறுவனங்கள் தயாரிப்பதால் விலையும் இறங்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்தாலும் பைபாஸ் செய்தாலும், இரண்டும் இல்லாவிட்டாலும், மருந்துகளும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் புகையிலையை விடுவதும் கூடவே வர வேண்டியவை.

கேட்க வேண்டியவை

ஆஞ்சியோகிராமுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன்பே குடும்பம் சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. இது அவசர நிலையா, இல்லை சில நாள் பொறுக்கலாமா? வடிகட்டும் திறன் எவ்வளவு? படம் எடுத்ததோடு நிறுத்திவிட்டு, முடிவைப் பிறகு எடுக்க முடியுமா? மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? பைபாஸ் என்றால், இந்த வயதில், இந்த உடல் நிலையில், முதல் மாதத்தைக் கடப்பதில் உள்ள அபாயம் எவ்வளவு? ஸ்டென்ட் என்றால், எத்தனை, எவ்வளவு சாயம், எத்தனை மாதம் மாத்திரை?

இந்தக் கேள்விகளுக்கு இதய மருத்துவர் ஒருவரே பதில் சொல்லிவிட முடியாது. இதய மருத்துவர், அறுவை நிபுணர், சிறுநீரக நிபுணர் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதையே பன்னாட்டு வழிகாட்டு நெறிகளும் வற்புறுத்துகின்றன. நடைமுறையில், மூன்று பேரும் ஒரே மருத்துவமனையில் இருந்தும்கூட நோயாளியின் கோப்பு மூன்று அறைகளுக்குத் தனித்தனியாகப் பயணம் செய்கிறது. அந்த மூவரையும் ஒரு மேஜைக்குக் கொண்டுவருவது புதிய கருவி எதையும் வாங்காமல், எந்த மருத்துவமனையும் நாளையே செய்யக்கூடிய சீர்திருத்தம்.

மாரடைப்பு அல்லாத நேரங்களில், சிறுநீரகம் பழுதான இதய நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பயனுள்ள சிகிச்சைகளில் ஒன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. அதன் பெயர் இரண்டு நாள் அவகாசம். அதைக் கேட்பதற்குக் குடும்பத்துக்குத் தைரியம் வேண்டும். கேட்டவருக்குக் கொடுக்க மருத்துவமனைக்கு மனம் வேண்டும்.